தாத்தாவிடம் அண்ணனை ஒப்படைத்தது

அண்ணன் பாரிசில் மாரடைப்பில் இறந்தபோது அப்பாவால் போக முடியவில்லை. காரைக்கால் கோவில்பத்து வீட்டில் உட்கார்ந்து செல்போனில்தான் அடக்கத்தைப் பார்த்தார். அழவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அண்ணி தனியாகக் காரைக்கால் வந்தார். அவர் நைஜீரியாவின் இக்போ இனத்துப் பெண். எங்களைப் போலவே கத்தோலிக்கர். வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். அண்ணன் கல்லறையின் மண். இருவரும் பிரெஞ்சில் பேசினார்கள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னவாம்ப்பா?"

"வெளியூர்ல செத்தவன இவங்க ஊருல சொந்த மண்ணுக்குக் கொண்டாந்துருவாங்களாம். இல்லாட்டி முன்னோருங்க அவனக் காணாம தவிப்பாங்களாம். தாத்தா கல்லறையில இந்த மண்ணப் போட்டு, தண்ணி ஊத்தி, பேரச் சொல்லி அவருட்ட ஒப்படைக்கணும்ங்குது."

"செஞ்சா என்னப்பா?"

"நம்ம வேதத்துல அதெல்லாம் இல்லம்மா. அவனுக்குக் கோயில்ல பூசை வச்சாச்சுல்ல."

கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம், திதியையும் படையலையும் விட்ட குடும்பம் என்பதில் அவருக்கு எப்போதும் பெருமை உண்டு. அண்ணி கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அப்பா என்னிடம் சொன்னார்: "பூசையில சாமியார் செத்தவங்க பேர வாசிக்கிறாரே, அவங்க இருக்காங்கன்னுதானே வாசிக்கிறாருன்னு கேக்குது." பிறகு அந்தத் துணி முடிச்சை எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் தூறல். ஏற்றிய மெழுகுவர்த்திகள் நிற்கவில்லை. அண்ணி தாத்தா கல்லறையருகே மண்டியிட்டு மண்ணைத் தூவினார். பாட்டிலிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றியபடி தன் மொழியில் பேசினார். அதில் அண்ணன் பெயரும் தாத்தா பெயரும் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டன. பிறகு பாட்டிலை அப்பாவிடம் நீட்டினார்.

நாலைந்து கல்லறை தள்ளிப் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அப்பா பாட்டிலை வாங்கிக்கொண்டார். மண்ணின் மேல் தண்ணீரை ஊற்றினார்.

"அப்பா, ஒங்க பேரன் வந்துருக்கான். சின்னதுலேயே பிரான்சுக்குப் போனவன், தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். கோவிச்சுக்காதீங்க."

அப்பா நனைந்த கல்லின் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். சாமியார் வந்தார். ஈர மண்ணைப் பார்த்தார். அதன் மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அப்பா சொன்னார்.

"நாந்தான் அவனுக்கு முந்திப் போயிருக்கணும்."