டீசல் பம்பும் சித்தப்பாவின் கண்ணும்

கண்ணுங்களா, நீங்கள் இரண்டு பேரும் சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஒரே வாசல், ஒரே குழாயடி. அவன் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். அப்பாவின் மண்டையை ஸ்பேனரால் உடைத்தவன் என்று உங்களுக்கு ஆத்திரம். தெருவும் அதையேதான் சொல்கிறது. என் புருவத்துக்கு மேலே ஆறு தையல் போட்ட தழும்பை எல்லாரும் பார்க்கிறார்கள். அது ஏன் விழுந்தது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வாய் வரவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், நடந்ததில் பிழை வராமல் எழுதப் பார்க்கிறேன்.

நம் கார் நானும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய பழைய டீசல் வண்டி. ஒரு வாரம் அவன் சவாரி ஓட்டுவான், ஒரு வாரம் நான். என் வாரத்தில்தான் ஒழுக ஆரம்பித்தது. பானெட்டைத் திறந்தால், என்ஜின் பக்கவாட்டில் இருக்கிற டீசல் பம்பின் மேல்மூடி ஓரத்தில் எண்ணெய் முத்து முத்தாகக் கோத்து நின்றது. உத்திரமேரூர் பட்டறையில் காட்டினேன். பம்பைக் கழற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்ப வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார்கள்.

நாலு நாள் எதற்கு என்று நினைத்தேன். கழனிக் கிணற்றில் ஆயில் என்ஜின் ஓட்டிய கை இது. அதில் மூடிக்கு அடியில் இருக்கிற பேக்கிங் கிழிந்தால் நாங்கள் கடைக்கு ஓடமாட்டோம். கல்யாணப் பத்திரிகை அட்டையை மூடியின்மேல் வைத்து ஓரமெல்லாம் ஸ்பேனரால் தட்டினால் அச்சு விழும். அப்படியே வெட்டி, கிரீஸ் தடவி, முறுக்கிவிட்டால் ஒரு போகம் தாங்கும். காருக்கும் அதையே செய்தேன். வீட்டில் தடிமனாக இருந்தது ஒரே அட்டைதான், சித்தப்பாவின் கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிச் சாமி மாடத்தில் வைத்திருந்த முதல் பத்திரிகை. வெட்டும்போதே தப்பு என்று தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. மூடியைச் சுற்றித் துணி சோப்பைக் குழைத்து அப்பினேன். போல்ட்டுகளை ஸ்பேனரில் இரும்புக் குழாய் செருகி முறுக்கினேன். மூன்று நாள் ஒழுகவில்லை. நான்காம் நாள் முன்னைவிட மோசமாகக் கொட்டியது.

மறுநாள் காலை திருப்புட்குழிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் சித்தப்பாவிடம் ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னேன். அவன் காஞ்சிபுரம் போய்ச் சரியான பேக்கிங் வாங்கி வந்து, மத்தியான வெயிலில் பானெட்டைத் தூக்கினான். நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள்.

போல்ட் அசையவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான். ஸ்பேனர் வழுக்கி, அவன் விரல் முட்டி இரும்பில் போய் இடித்துத் தோல் பிய்ந்தது. ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டுக் கேட்டான்.

"எந்த மாடுண்ணா இத்த முறுக்குச்சி?"

ஒருவழியாக மூடி வந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்ததை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். டீசலில் ஊறித் தொங்கிய அட்டையில் அவன் பெயரில் பாதி தெரிந்தது.

"ணா, இன்னா இது? என் கண்ணாலப் பத்திரிகையா?"

"அட்டை இல்ல. அவசரத்துக்கு வெச்சேன்."

"பம்புக்குப் பத்திரிகை வெச்சிக்கிறே. அதான் வரேன் வரேன்னு கொட்டிக்கினு கீது. மொய்யி இன்னா எழுதிச்சி?"

நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"டேய், வேலையப் பாரு."

"இன்னாத்தப் பாக்கறது? இது இன்னா கழனி என்ஜினா? சோப்பு போட்டுக் குளிப்பாட்டி வெச்சிக்கிறே. எட்டாங்கிளாஸ் மெக்கானிக்காண்ட வுட்டா வண்டி பேரிச்சம்பழத்துக்குதான் போவும்."

நீங்கள் மறுபடி சிரித்தீர்கள். சிரிக்கிற பேச்சுக்குச் சிரித்தீர்கள், உங்கள்மேல் குற்றம் இல்லை. என் காதுக்குள் மட்டும் அந்தச் சிரிப்பு நிற்கவேயில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முதுகை மட்கார்டில் மோதினேன். தகரம் உள்ளே போனது. மறுபடி மோதினேன். அவன் முழங்கையை என் கழுத்தில் வைத்து நெரித்தான். எண்ணெய்க் கையால் என் வாயை அழுத்தினான். பல்லெல்லாம் டீசல் நாற்றம். அந்த விரலைக் கடித்தேன். அம்மா உங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு எங்கள் நடுவில் நுழைந்தாள்.

"புள்ளைங்க பாக்குது. ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல?"

இதுவரைதான் நீங்கள் பார்த்தது. மீதியைக் கேளுங்கள்.

அந்த இழுபறியில் அவன் சட்டைப் பை கிழிந்து கார் சாவி மண்ணில் விழுந்தது. நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயில் என்ஜினில் கை வைக்கிறவன், கையால் சுற்றி அதை ஓடவிடுகிற ஹேண்டிலைத் தன் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டுதான் வேலை செய்வான். யாராவது தெரியாமல் சுற்றிவிட்டால் விரல் போய்விடும். காரில் அந்த ஹேண்டிலுக்குப் பதில் சாவி. அதனால்தான் அவன் அதைத் தன் பையில் வைத்திருந்தான்.

அம்மா உள்ளே போன பிறகு பேச்சில்லாமல் வேலை நடந்தது. புதுப் பேக்கிங் வைத்து மூடினான். இனி பைப்புகளில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவன் பைப்பைத் தளர்த்த வேண்டும், இன்னொருவன் சாவியைத் திருப்ப வேண்டும். கையை நீட்டினான்.

"சாவி குடு. அண்ணியக் கூப்புட்டு ஒக்கார வெக்கிறேன்."

"நானே ஒக்கார்றேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான் போடுன்னாதான் போடணும்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். போடு என்றான், திருப்பினேன். நிறுத்து என்றான், நிறுத்தினேன். இரண்டு முறை அப்படி நடந்தது. என்ஜின் சுழலச் சுழல, தளர்த்திய பைப்பிலிருந்து டீசல் பீய்ச்சத் தொடங்கிவிட்டது. பிறகு ஒரு பைப்பின் முனையை முழுதாகக் கழற்றிவிட்டு, அடைப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். தூக்கிய பானெட்டுக்குக் கீழே இருந்த சந்தில் அவன் தலை எனக்கு நன்றாகத் தெரிந்தது. குனிந்தபடியே தனக்குள் சொல்லிச் சிரித்தான்.

"சோப்பு வெச்சிக்கிறாரு, சோப்பு."

நான் சாவியைத் திருப்பினேன்.

அவன் போடு என்று சொல்லவில்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்குக் காது கேட்கும், கண் தெரியும். டீசல் முகத்தில் அடிக்கட்டும், அந்த வாய் மூடட்டும் என்றுதான் திருப்பினேன். கண்ணை நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அந்த நிமிஷத்தில் நிறுத்தியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

அவன் போட்ட சத்தம் மனுஷன் சத்தமாக இல்லை. நான் இறங்கி ஓடினேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுழன்றான். இன்னொரு கையில் ஸ்பேனர் இருந்தது. யார் எங்கே என்று தெரியாமல் வீசினான். அது என் நெற்றியில் இறங்கியது. அப்போதுதான் தெரு கூடியது. அவர்கள் வந்து பார்த்தது, அண்ணன் முகமெல்லாம் ரத்தம், தம்பி கையில் ஸ்பேனர். அவ்வளவுதான்.

உங்கள் அம்மா அவனைக் குழாயடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கார் கிளம்பாது. பக்கத்துத் தெரு ஆட்டோவில் காஞ்சிபுரம் போனோம். கருவிழி மேலே காயம், கட்டைப் பிரித்தால்தான் பார்வை எப்படி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஓட்டுகிறவனுக்குக் கண்தான் சோறு. சேதி கேட்டுப் பின்னாலேயே வந்த உங்கள் சித்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்குத் தையல் போட்ட பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாதி முகம் கட்டு.

"ணா, நான் போடுன்னு சொன்னேனா?"

"சொன்ன மாதிரி கேட்டுது."

கட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்போ நாந்தான் சொல்லிருப்பேன்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. ஊர் அவனை அண்ணனை அடித்தவன் என்றபோதும் வாய் திறக்கவில்லை. "கை தவறிப் பட்டுட்சி" என்று மட்டும் சொன்னான். நீங்கள் அவனைப் பார்த்து முகம் திருப்பிய முதல் நாள், கையில் உங்களுக்கு வாங்கி வந்த பட்டாணிப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றான். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் ஒரு விரலைக் காட்டினார். ஒண்ணு என்றான். இரண்டைக் காட்டினார். ரெண்டு என்றான், ஓரத்தில் புகைபோல இருக்கிறது என்றான். அது போகப் போகத் தெளியும் என்றார் டாக்டர். இப்போது முக்கால்வாசி தெளிந்துவிட்டது. வெயிலில் மட்டும் அந்தக் கண்ணில் நீர் வடிகிறது. நீங்கள் அழுகிறான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நாளைக் காலையில் குழாயடியில் அவனைப் பார்த்தால் சித்தப்பா என்று கூப்பிடுங்கள். நான் செய்ததை அவனிடம் நானே சொல்கிறேன். உங்களுக்கு முதலில் எழுதியது, நீங்கள் படித்த பிறகு நான் பின்வாங்க முடியாது என்பதற்காக.

கட்டுப் பிரித்து வந்த அன்று சாயங்காலம் எல்லாரும் உள்ளே அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் பின்பக்கம் போனேன். கொடியில் அவனுடைய அந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சித்தி கிழிந்த பையைத் தைத்துத் துவைத்துப் போட்டிருந்தாள். டீசல் வாடை முழுதாகப் போகவில்லை. என் இடுப்பில் இருந்த கார் சாவியை எடுத்து அந்தப் பைக்குள் போட்டு, பட்டனை மாட்டிவிட்டு வந்தேன்.