காலண்டர் லட்சுமிக்குச் சட்டம்

படத்துக்குச் சட்டம் அடித்த அன்று வீட்டில் அம்மாவும் அக்காவும் நானும் இருந்தோம். அப்பா இல்லை. மறுநாள் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, அவள் கம்மலை மீட்க விழுப்புரத்து அடகுக் கடைக்குப் போயிருந்தார். இப்போது திண்டிவனத்தில் என் அறைக்குக் கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருக்கிறது. அங்கே மரம் ஒட்டும் வச்சிரப் பசை காய்ச்சும் வாடை வந்தால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

கடைச் சாமான் வரும் சாதிக்காய்ப் பெட்டிப் பலகையை அறுத்து, வச்சிரத்தால் ஒட்டி, காலண்டர் லட்சுமிக்கு நானே சட்டம் செய்தேன். படத்தின் அடியில், காலண்டர் கொடுத்த அடகுக் கடையின் பெயர் பெரிதாக இருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அது உறுத்தியது. பெயரை மறைக்கச் சுற்றிலும் பச்சை அட்டை வெட்டி வைத்தேன். அதோடு லட்சுமியின் பாதமும் மறைந்துவிட்டது.

"காலை மூடிட்டா எங்கடா பூ வெக்கிறது? எடு அட்டைய," என்றாள் அம்மா.

"நாம நகைய அடகு வெக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிடும்மா."

"இவன் அட்டையப் பாத்துதான் என்னைக் கட்டிக்கினு போவப் போறாங்களா?" என்றாள் அக்கா.

அடிப்பக்கத்து அட்டையை வெட்டி எடுத்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா படத்தைக் கும்பிட்டுவிட்டு, கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் அப்பாவிடம் திரும்பி, "எங்க வூட்லயும் இதே லட்சுமிதாங்க. உங்களுக்கு வட்டி எவ்ளோ போடுறான்?" என்றார்.

அந்தச் சம்பந்தமே கூடி வந்தது. சட்டத்துக்குக் கண்ணாடியோடு ஆன செலவு ஒரு ரூபாய் ஆறணா.