ஒரு முறம் சாமை நேரம்

காத்தானும் மகள் கோகிலவாணியும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, மலைக் களத்தில் சாமை தூற்றியது. அவர் முறத்தை உயர்த்திக் காற்றில் கொட்டுவார். ஒரு முறம் தீர ஒரு நிமிடம் ஆகும். அதையே கடிகாரமாக வைத்து, சென்னையில் நடக்கவிருந்த மேற்படிப்பு நேர்முகத் தேர்வுக்கு அவள் பதில் சொல்லிப் பழகினாள். ஒரு பதில் ஒரு நிமிடம் தாண்டினால் நடுவிலேயே நிறுத்திவிடுவார்களாம்.

நான்காவது பதிலில் சந்தேகம் வந்து கைபேசியைப் பார்த்தாள். இரண்டரை நிமிடம்!

“இன்னாப்பா, கை அசந்துபோச்சா? இப்பிடி சொட்டு சொட்டா கொட்டினா நான் எப்ப நிறுத்தறது?”

“நீ பேசறது கேக்க நல்லா இருந்துச்சி கண்ணு. அதான் மெதுவா வுட்டேன்.”

“அவங்களும் உன்னாட்டம் மொறத்த புடிச்சிக்கினு நிப்பாங்களா?”

அவர் சிரித்தார். மீதி அரை மூட்டையை நாளைக்குத் தூற்றி, கள்ளக்குறிச்சி மில்லில் அரைத்து வருவதாகச் சொன்னார். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் இறந்த ஒன்பதாம் நாள், நேர்முகத் தேர்வறையில் முதல் கேள்வியே, “அப்பா என்ன செய்றாங்க?”

அவள் இதற்குப் பழகியிருக்கவில்லை. பேசத் தொடங்கியதும் நிறுத்த மனம் வரவில்லை. எதிரில் இருந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி சொல்லும்போதே நிறுத்திக்கொண்டாள்.

இடம் கிடைத்தது.

மில்லுக்குப் போகவேண்டிய அரை மூட்டை சாமை, தூற்றாமல், அவர் சாத்திவைத்த சுவரோரமே இருக்கிறது.