ஆறாம் நம்பர் ரூமுக்குப் பினாயில் போட்ட கதை

1. போர்டு மாட்டிய நாள்

எங்கள் காட்டேஜில் நாய்களையும் தங்க விடலாம் என்று முதலாளியம்மா முடிவு செய்தபோது, முதலில் குரைத்தது நான்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டுக்குப் போகிற வழியில், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது காட்டேஜ். ஒன்பது ரூம். பின்னால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். செய்யூர் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த நான், முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு இங்கே ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வந்தேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்க்கவில்லை. நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் ஒரு பெட்ஷீட்டைப் பார்த்தால் போதும், அதில் படுத்தவர் தூங்கினாரா, சண்டை போட்டாரா, படுக்கையில் வைத்துப் பிரியாணி தின்றாரா என்று சொல்லிவிடுவேன்.

மேனேஜர் சேகர்தான் சேதி கொண்டு வந்தான். என் கடைசி மகன் வயசு.

"ஆயா, நாளைலர்ந்து நாய்ங்களும் வந்து தங்கும். போர்டு மாட்டப் போறோம்."

"இன்னா நைனா, மனுசங்க போட்ற குப்பையே வார முடில. இதுல நாய் வேறயா?"

"நாயி பாத்ரூம்ல சிகரெட்டு புடிக்காது ஆயா."

யோசித்துப் பார்த்தேன். அதுவும் சரிதான்.

ஒரு வருஷம் பார்த்த பிறகு சொல்கிறேன். எந்த நாயும் எங்கள் டவலைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு போனதில்லை. எந்த நாயும் ரிமோட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு "நான் வரப்பவே இப்படித்தான் இருந்துச்சி" என்று சொன்னதில்லை. ஒரு லேப்ரடார் மட்டும் என் தென்னந்துடைப்பத்தைத் தின்றது. தின்றுவிட்டு, நான் திட்டி முடிக்கும் வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. என் வீட்டில் யாரும் எனக்கு அந்த மரியாதை கொடுத்ததில்லை.

வேலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. மணல் காலோடு வரும் நாய்க்கு வாசலிலேயே குழாயும் சாக்கும். முடி கொட்டும் நாய்க்குப் பழைய பெட்ஷீட். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் கிடையாது, மோந்து பார்த்து மூக்கைச் சுட்டுக்கொள்ளும்.

நாயோடு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் போட்டு "நாயை விடுவீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் விடுவோம் என்றுதான் சொல்வார்கள். போன பிறகு ஜெனரேட்டர் ஷெட்டைக் காட்டி, இங்கே கட்டு என்பார்கள். "நாய் எங்கே படுக்கும்?" என்று கேளுங்கள். அதற்கு என்ன பதில் வருகிறதோ, அதுதான் அந்த இடம்.

2. லோடு ஆட்டோவில் வந்த விருந்தாளி

மல்லிகா அந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்துவிட்டாள். போன் போட்டவளுக்கு அதைக் கேட்க நேரமில்லை. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவள். ஐம்பது வயசிருக்கும். காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் கேட்டுக்குள் நுழைந்தாள். பின்னால் ஒரு காஸ் அடுப்பு, இரும்பு வாணலி, நாலைந்து டப்பா. நடுவில், மடித்த பழைய புடவை ஒன்றின் மேல், ஒரு நாட்டு நாய்.

செம்பட்டை நிறம். ஒரு காது கிழிந்திருந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து பார்வை சுத்தமாக இல்லை. காதும் மந்தம். வாயில் பல் நாலு மிஞ்சியிருந்தால் அதிகம். பெயர் டைகர்.

சேகர் நாயைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான்.

"மேடம், போன்ல பெட் டாக்னு தான சொன்னீங்க? இது தெரு நாயாச்சே."

"பன்னெண்டு வருசமா என் வூட்லதான் கீது. தெருவுல இல்ல."

"இல்ல மேடம், ஜாதி நாய்ங்களத்தான் நாங்க..."

"போர்டுல இன்னா ஜாதினு எழுதி வச்சிக்கிறீங்களா? மூணு எடத்துல கேட்டுட்டு வரேன் தம்பி. மூணு பேரும் மொதல்ல என் வண்டியத்தான் பாக்கறாங்க. அப்புறம் நாய பாக்கறாங்க. என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல."

சேகர் மறுபடியும் போர்டைப் பார்த்தான். நான் நடுவில் புகுந்தேன். அந்த மாதிரி பார்வையெல்லாம் எங்கள் ஊரில் நானும் பார்த்து வளர்ந்தவள்தான்.

"ஆறாம் நம்பர் காலியாதான் கீது நைனா. சாவியக் குடு. துடைப்பம் தின்ற நாய்க்கே ரூம் குடுத்தோம். இதுக்குப் பல்லே இல்ல, இன்னாத்த தின்னப் போவுது?"

ரூமுக்குப் போகும்போது மல்லிகா சொன்னாள்: "அது என் கையால போட்டாதான் துன்னும்க்கா. யாராண்டயும் வுட்டுட்டுப் போவ முடியாது. அதான் பன்னெண்டு வருசமா நான் எங்கியும் போனதில்ல. காலேஜ் லீவு வுட்டாங்க, மெஸ்ஸ மூடிட்டேன். ஒரே ஒரு நாளு அடுப்பு மூஞ்சில முழிக்காம தூங்கி எழுந்திரிக்கணும். அவ்ளோதான்."

ரூமுக்குள் போனதும் அவள் செய்த முதல் வேலையைக் கேளுங்கள். நாய் படுத்திருந்த அந்தப் பழைய புடவையை உருவி எடுத்தாள். கட்டில் காலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் அதைத் தரையோடு தேய்த்து இழுத்தாள். கிண்ணத்திலிருந்து வாசல் வரைக்கும். வாசலிலிருந்து படி இறங்கிப் புல்தரை வரைக்கும். திரும்ப வந்து அதை மடித்துக் கட்டிலோரம் போட்டாள். டைகர் மூக்கைத் தரையில் வைத்தது. அந்தக் கோட்டிலேயே நடந்து போய்த் தண்ணீர் குடித்தது, புல்தரைக்குப் போய்க் காலைத் தூக்கியது, எங்கும் முட்டாமல் திரும்பி வந்து புடவை மேல் சுருண்டது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாய் பிளந்ததே தவிர மண்டை திறக்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது, காலையில்தான் துடைத்த என் தரையில் ஒரு நீள அழுக்குக் கோடு.

3. என் கைவரிசை

மறுநாள் காலை எட்டேகால். மல்லிகா ரூமைச் சாத்திவிட்டு முன்பக்கம் நாஸ்தாவுக்குப் போயிருந்தாள். டைகர் உள்ளே தூக்கம்.

பாவம், வாழ்நாளெல்லாம் ஊருக்கு ஆக்கிப் போட்டவள், அவளுக்கு நாம் நன்றாகச் செய்வோம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பெல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

டைகரை மெதுவாகத் தூக்கிச் சுத்தமான டவல் மேல் கிடத்தினேன். காது ஒரு தரம் ஆடியது, அவ்வளவுதான். புடவையை எடுத்தேன். நாற்றம் என்றால் நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டேன். பக்கெட்டில் பினாயிலைத் தாராளமாக ஊற்றி, கட்டிலோரத்திலிருந்து படி வரைக்கும் மாப் போட்டேன். அந்த அழுக்குக் கோட்டை மட்டும் மூன்று தரம். ஈரம் காய ஃபேனைப் போட்டு, கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, புடவையோடு பின்பக்கம் துணி துவைக்கப் போனேன். சோப்புப் போட்டுக் கும்மி, நீலம் போட்டு அலசிக் காயப் போட்டேன்.

திரும்பி வந்தால் டவல் இருக்கிறது. டைகர் இல்லை.

பாத்ரூம், கட்டிலடி, எல்லாம் பார்த்தேன். புல்தரையைத் தாண்டி மணலில் காலடி போனது. கிண்ணத்துக்குப் போகும் வாசனைக் கோட்டையும் காணோம், படுக்கையையும் காணோம் என்று அது பினாயில் நாற்றத்திலிருந்து தப்பித்து ஓடியிருக்கிறது. காலடி சவுக்குத் தோப்புக்குள் போய், காய்ந்த சவுக்கு ஊசிகள் மெத்தையாகக் கிடக்கும் இடத்தில் மறைந்துவிட்டது. தோப்பின் தெற்கு மூலையில் இறங்கினால் மீனவக் குப்பத்து நாய்களின் இடம். வடக்கே சுற்றிப் போனால் லாரி பறக்கும் ரோடு. கண் தெரியாது, காது கேட்காது. கூப்பிட்டும் பிரயோஜனமில்லை.

மல்லிகாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"பொடவை எங்கக்கா?"

"தொவச்சிட்டேன்."

"தொவச்சிட்டியா?"

"நீலம் போட்டு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அது குட்டியா சாக்கடையோரம் கெடந்தப்ப நான் கட்டிக்கினு இருந்த பொடவைக்கா அது. கண்ணு போன நாள்லர்ந்து அதான் அதுக்கு வூடு. எந்த எடத்துக்கும் அந்த வூட்ட எட்த்துக்கினு போயிடலாம்னு நெனச்சேன்."

சேகர் ஓடி வந்தான். "ஆயா, நாய் கெடைக்கலன்னா நான் போர்ட கழட்டிடுவேன். உன்ன இன்னா பண்றதுன்னு மொதலாளியம்மா சொல்வாங்க."

"கழட்டு நைனா. மொதல்ல தோப்புக்குள்ள போய்த் தேடு. அப்பறம் கழட்டு."

4. காற்று திரும்புவதற்குள்

அரை மணி நேரம் தேடினோம். தோப்பு பெரிசு, செம்பட்டை நாய், செம்பட்டைச் சருகு. பக்கத்தில் படுத்திருந்தால்கூடத் தெரியாது.

மல்லிகா சட்டென்று நின்றாள். "அக்கா, மணி இன்னா?"

"ஒம்பதர."

"மெஸ்ல தெனம் பத்து மணிக்குத் தாளிப்பேன். கருவாட்டுக் கொழம்பு. எங்க படுத்துக்கெடந்தாலும் அந்த வாசனைக்கு எழுந்து வந்துடும். வண்டில எல்லாம் கீது. எங்க வச்சித் தாளிக்கறது, அத்த சொல்லு."

அது எனக்குத் தெரியும். கொடியில் துணி போடுகிறவளுக்குக் காற்று தெரியாமல் இருக்குமா? காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், பெட்ஷீட் எல்லாம் கடலைப் பார்த்துப் பறக்கும். பத்தரை வாக்கில் கொஞ்ச நேரம் தொங்கும். அப்புறம் கடற்காற்று எழும், துணியெல்லாம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். அதற்குள் ஈரத்துணியை எடுக்காவிட்டால் மணல் ஒட்டும். இதுதான் என் கடிகாரம்.

கொடியைப் பார்த்தேன். பெட்ஷீட்டுகளோடு அந்தப் பாழாய்ப் போன புடவையும் கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தது.

"தோப்புக்கு மேற்கால வை. இப்ப காத்து உள்ள போவுது. ஒரு மணி நேரம்தான். அப்புறம் திரும்பிடும். உன் கொழம்பு வாசன மொத்தமும் ரோட்டுக்குப் போயிடும். அத்தத் தேடிக்கினு நாயும் ரோட்டுப் பக்கம்தான் போவும்."

லோடு ஆட்டோ தோப்போரம் வந்து நின்றது. அவள் அடுப்பை இறக்கிய வேகத்தைப் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், ஒரு கை பூண்டு, கறிவேப்பிலை, மிளகாய், அதன் மேல் நெத்திலிக் கருவாடு. கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துத் துடைத்துக் கிளறினாள். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. மிளகாயா, அழுகையா, நான் கேட்கவில்லை.

சேகர் ஒன்பது தும்மல் தும்மினான். மூன்றாம் நம்பர் ரூம்காரர் துண்டோடு வந்து, "லன்ச் இன்னைக்கு சீக்கிரமா?" என்றார். வலை காய வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். குப்பத்து நாய்கள் ஏழும் வந்து வரிசையாக உட்கார்ந்தன. ஊரே வந்தது, டைகரைத் தவிர.

"இவ்ளோ பேரு வந்துட்டோமே, தட்டு போடலாமா?" என்றார் வலைக்காரர்களில் ஒருவர்.

"நாய் வரட்டும், உனக்கும் போட்றேன்," என்றேன்.

முதல் வாணலி கருகியது. இரண்டாவது ஏற்றினாள். நான் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ஷீட்டுகள் தொங்கிவிட்டன. அசைவில்லை. கடைசியில் இருந்த தலையணை உறையின் மூலை ஒரு தரம் எங்கள் பக்கம் ஆடியது.

"மல்லிகா, காத்து நின்னுப் போச்சி."

அவள் மிச்சக் கருவாடு முழுவதையும் எண்ணெயில் கொட்டினாள்.

அப்போது ஏழு நாய்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின.

தோப்புக்குள்ளிருந்து டைகர் வந்தது. மூக்கு வானத்தில் இருந்தது. இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி, வாசனையின் ஓரத்தைத் தடவித் தடவி வந்தது. ஒரு மரத்தில் முட்டியது. மரத்திடம் ஒரு உறுமல் உறுமிவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தது. குப்பத்து நாய்கள் எழுந்து வழி விட்டன. நான் பார்த்த பெரிய மனிதர்களில் இப்படி நடந்து வந்தவர் யாருமில்லை.

மல்லிகா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நாஸ்தாக்கு வர நேரமாடா இது? உனக்கோசம் அடுப்பு மூஞ்சிலதான்டா முழிச்சேன் இன்னிக்கும்," என்றாள். அப்புறம்தான் உட்கார்ந்து அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். பெட்ஷீட்டுகள் எல்லாம் ரோட்டைப் பார்த்துத் திரும்பின.

5. கடைசியில் கற்றுக்கொண்டது

வலைக்காரர்களுக்குத் தட்டு போட்டோம். சேகரும் சாப்பிட்டான், இரண்டு தரம். போர்டைக் கழற்றவில்லை.

துவைத்த புடவையை டைகர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இனி அது வெறும் புடவைதான். மல்லிகா என்னைத் திட்டாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பூண்டும் கருவாடும் அவள் வியர்வையும் ஏறிப்போன துண்டு.

"நீயே போடுக்கா."

முட்டி போட்டு உட்கார்ந்து, மூன்று தரம் பினாயில் போட்ட என் தரையில், கட்டிலிலிருந்து கிண்ணம் வரை, கிண்ணத்திலிருந்து வாசல் வரை, அந்தத் துண்டை அழுத்தித் தேய்த்து இழுத்தேன். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும். டைகர் என் பின்னாலேயே மூக்கை வைத்து நடந்து வந்தது. மல்லிகா கட்டிலில் சாய்ந்தவள், நாங்கள் வாசலைத் தொடுவதற்குள் குறட்டை விட்டாள்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். விருந்தாளி ரூமில் உங்களுக்கு அழுக்காகத் தெரிவதைத் தொடுவதற்கு முன்னால், "இதைத் துவைக்கலாமா?" என்று கேளுங்கள். ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்காமல் நான் ஒரு வீட்டையே துவைத்துக் காயப் போட்டேன்.

அன்று சாயங்காலம் தண்ணீர் வைக்க ஆறாம் நம்பருக்குப் போனேன். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அந்த அழுக்குக் கோடு கிடந்தது. கோலத்தைத் தாண்டுவதுபோல, மிதிக்காமல் தாண்டிப் போனேன்.