ஷமீமா அக்காவின் திரை எழுத்துகள்

கூடுவாஞ்சேரி நிலையத்தில் ரயில் வந்து நின்றபோது ஷமீமா அக்கா வழக்கமான ஜன்னலில் இல்லை. தாம்பரத்தில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வருபவர் அவர். வண்டியைத் தவறவிட்டிருப்பார் என்று எண்ணி ஏறப்போனேன். அதற்குள் அவர் மகள் நூரிடமிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, அம்மா மவுத்தாயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க, அவ்ளோதான்."

நான் ஏறவில்லை. படியேறி எதிர் நடைமேடைக்குப் போய் தாம்பரம் வண்டிக்காக நின்றேன்.

மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். அக்கா என்னைவிடப் பல வயது மூத்தவர். கறாரானவர். மேலாளரிடம்கூட, "சார், இது சரியில்ல, நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அவருடைய கணவர் கரீம் பாய் பிரஸ் மெஷின் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவருடைய காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காதுக் கருவி வைத்தாலும் அவருக்கு இரைச்சல்தான் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. நூரின் கல்யாணத்தன்று மண்டபத்தின் ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிரவு வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அக்கா ரயிலில் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், எதுக்குன்னுதான் தெரியலன்றாரு, கலா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில மாதம் கழித்து அக்கா கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. போன் சார்ஜரில் ஓடும், மின்சாரம் அதிகம் பிடிக்காது, டிவிக்குப் பின்னாலேயே ஒட்டி வைத்துவிடலாம் என்றார். அதில் வீட்டு வீடியோக்களையும் படங்களையும் அடுக்கி வைத்து ஓட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றினார். அவர்கள் வீட்டு டிவி, பேசுவதை எழுதிச் சேர்த்தாலும் திரையின் அடியில் அந்தத் தமிழ் எழுத்தைக் காட்டாது. இதில் காட்டலாம் என்று எங்கோ படித்திருக்கிறார்.

முதலில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. எழுத்துருவை மாற்றியதும் எழுத்து வந்தது, ஆனால் தாறுமாறாக. "கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நின்னுகினு இருக்குது. இதை மனுஷன் படிப்பானா?" என்று பேஜாராகிப் புலம்பினார்.

"யாரையாவது கூப்பிட்டுச் சரி பண்ணலாம்ல, அக்கா?"

"அவங்க பண்ணிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. மறுபடி கெட்டா நான் அவங்களுக்காகக் காத்துகினு இருக்கணும். வேணாம்."

மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடிப் போட்டதும் கொம்பு இடத்துக்கு வந்தது. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. நூரின் கல்யாண வீடியோவில் யார் யார் என்ன பேசினார்கள் என்பதை ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் தட்டினார். ஒரு இயர்போன் அவர் காதில், இன்னொன்று என் காதில். "இந்த எடத்துல நூரோட சின்ன மாமா இன்னா சொல்றாரு, கேளு." சின்ன மாமா பிரியாணியில் உப்பில்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"இதையெல்லாமா எழுதணும்?" என்றேன்.

"அதுக்குத்தானே அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அவருக்கு அதான் தெரியணும்."

எழுதி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் வீட்டுக்கு அழைத்தார். பாய் முதலில் ஆர்வமில்லாமல்தான் உட்கார்ந்தார். சின்ன மாமாவின் சண்டை திரையில் எழுத்தாக ஓடியதும் அவர் தோள்கள் குலுங்கின. வாய்விட்டுச் சிரித்தார். நூருக்கு அப்போது குழந்தையே பிறந்திருந்தது. அந்தக் கல்யாணத்துச் சிரிப்பு அவருக்கு அன்றுதான் வந்து சேர்ந்தது. அக்கா டிவியைப் பார்க்கவேயில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோவில் அக்கா பேசும் இடங்களில் மட்டும் எழுத்து இல்லை. கிளம்பும்போது கேட்டேன்.

"நான் பேசுறது எதுக்கு? என் வாயைப் பாத்தே அவருக்குப் புரிஞ்சுடும்" என்றார்.

அக்கா இறந்த நாளில் வீடு நிறைய ஆட்கள். ஒவ்வொருவராக வந்து பாயின் கையைப் பிடித்து ஏதேதோ சொன்னார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். ஒரு வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. எதிரே வந்து நின்று, நிதானமாக வாயசைத்து, அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடிய ஒருவர் கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அடக்கத்துக்கு எடுத்துப் போனபோதும் பாய் தலையாட்டிக்கொண்டேதான் நடந்தார்.

சில வாரங்கள் கழித்துப் பார்க்கப் போனேன். பாய் கல்யாண வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா முகம் தெரியும் இடங்களில் அவர் உதடுகளும் மெல்ல அசைந்தன. ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே அக்கா கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசுகிறார்.

"தங்கச்சி, இங்க மட்டும் எனக்குத் தெரியல. இன்னா சொல்றா?"

சத்தத்தைக் கூட்டி, இரண்டு மூன்று முறை கேட்டேன். மண்டபத்து இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல். என் போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன்: தம்பி, அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்புப்பா. அவரு வேர்த்துப்போய் உக்காந்துகினு இருக்காரு.

பாய் அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா. அன்னிக்குத் திடீர்னு காத்து வந்துச்சு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் கேட்டுக்கொண்டபடி அந்த வரியையும் வீடியோவில் சேர்த்துக் கொடுத்தேன். அக்காவோடு எத்தனையோ வரிகளுக்குக் காது கொடுத்திருக்கிறேன். தனியாகக் கேட்டு எழுதியது இது ஒன்றுதான். பாய் அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். எழுத்து அடியில் வந்து போனது. அவர் அதைப் படிக்கவில்லை. திரையில் திரும்பி நிற்கும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொன்னது அவருக்குக் கிடைத்துவிட்டது, அக்கா. நிம்மதியாக உறங்குங்கள்.