கூப்பு ரயில் தடத்தை மீட்ட மும்தாஜ் அக்கா

வெள்ளிக்கிழமை காலை அலுவலகப் படி ஏறும்போது உத்தமபாளையத்திலிருந்து போன் வந்தது. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்ற மும்தாஜ் அக்கா போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த நம்மில் பலருக்கு அவருடைய கறார் தெரியும். கோம்பை மலையடிவாரத்தில் அவர் செய்த காரியம் சிலருக்கே தெரியும். அவர் அளந்ததைப் படமாக வரைந்து கூட இருந்த வரைவாளன் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே மரம் வெட்டிய கூப்பிலிருந்து தேக்கை இறக்க ஒரு கிளை ரயில் போட்டிருந்தார்கள். சில வருஷமே ஓடியது. மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய மண்மேடு ஊருக்கு வண்டிப்பாதையானது.

பல காலம் கழித்து ஒரு தோட்டக்காரர் அதை மறித்துக் கம்பிவேலி போட்டார். மேற்கே நிலம் வைத்திருந்த பாப்பம்மாள் மனுவோடு வந்தார். "பாதை அவுக பட்டாவுல இருக்குங்குறாக, ஆத்தா. நாங்க எங்கன வண்டி ஓட்டுறது?"

அக்கா பழைய கோப்பைப் பிரித்தார். பாதையைப் பட்டாவில் சேர்த்த அளவையின் கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. வேலைக்கு வந்த புதிதில் போட்டது.

"ரயில் மேட்டைத் தோட்டத்து வரப்புன்னு எழுதியிருக்கேன், முருகேசா. அன்னைக்கு நான் கடைசி வரைக்கும் நடக்கல."

"விட்டுருங்கக்கா. ரிட்டயர் ஆகுற நேரத்துல மெமோ வாங்கணுமா?" என்றேன்.

"தப்புக்கு வயசானா சரியாயிருமா? சங்கிலிய எடு."

பதினோரு நாள் முட்புதருக்குள் அளந்தோம். ஓடைமண்ணுக்கடியில் ரயிலுக்குக் கட்டிய கல்பாலம் கிடைத்தது. பிறகு மதுரைப் பதிவறையில் ஒரு பழுப்பேறிய புலப்படம்: 'மரவண்டிப் பாதை, சர்க்கார் நிலம்.'

விசாரணையில் தோட்டக்காரரின் வக்கீல் சிரித்தார். "உருப்படியா ஓடாத ரயிலுக்கு என்னம்மா தடம்?"

அக்கா எழுந்தார். "எத்தன வருஷம் ஓடுச்சுங்கிறது பேச்சில்ல. நிலம் யாருதுங்கிறதுதான் பேச்சு. மொதல்ல தப்பா அளந்தது நான்தான். அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள். பாதை அரசு நிலம் என்று உத்தரவானது, வேலியைப் பிரித்தார்கள். அக்காவுக்கு மெமோவும் வந்தது. பிரிவுபசார விழா நடக்கவில்லை. அவர் அதைப் பற்றி முனகியதுகூட இல்லை. பாதை திறந்த அன்று பாப்பம்மாள் வண்டியில் ஏறச் சொன்னபோது, "நடந்தே வாரேன்" என்று கடைசி வரப்புவரை நடந்தார்.

அவரைத் தடுக்கப் பார்த்தவன் நான். அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சமாவது என்னிடம் ஒட்டியிருக்க வேண்டும். போன வாரம் நான் வரைந்த பழைய புலப்படம் ஒன்றில் ஓர் எல்லைக்கல் இடம் மாறியிருப்பதைக் கண்டேன். பிழை என்னுடையது என்று எழுதி, கையெழுத்திட்டு மேலே அனுப்பிவிட்டேன்.