குமாருக்குக் கூலி ஏற்றினால் நாடு தாங்குமா?

இந்த வாரம் எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். "என்னப் பத்தி எழுதினே, வாயில வெல்டிங் வச்சிருவேன்" என்று நண்பன் அருள் மிரட்டியிருக்கிறான். ஆனால், அவன் பத்திரிகை படிக்கிற ஆளா என்ன?

முத்தியால்பேட்டையில் அருளுக்கு கிரில் பட்டறை. வெல்டர் ஒரே ஆள்தான் – குமார். ஆயுத பூஜையன்று மெஷினுக்குக் கற்பூரம் காட்டி, பொரிப் பொட்டலத்தோடு புதுக் கூலியையும் சொல்வது அங்கே வழக்கம்.

பூஜைக்கு முன் டீக்கடை டிவியில் செய்தி. நாடு முழுக்க சம்பளம் ஏறுகிறது, அதனால் வட்டி ஏறலாம், அந்த பயத்தில் பங்குச் சந்தை சரிவு...

அருள் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக் கடன் இருக்கிறது. கொஞ்சம் ஷேரும் வாங்கி வைத்திருக்கிறான்.

"சம்பளம் ஏறினா ஷேர் ஏண்டா எறங்குது?"

பத்தாவது கணக்கில் கோட்டை விட்ட என்னிடம் கேட்கிற கேள்வியா இது? விடுவேனா!

"சம்பளம் ஏறினா ஜனங்க அள்ளி அள்ளி வாங்குவாங்க மாப்ள. வெல ஏறும். அத அடக்க, பேங்குக்கெல்லாம் பேங்கு ஒண்ணு இருக்குல்ல, அது வட்டிய ஏத்தும். கம்பெனிக்கு லாபம் கொறையும், ஷேர் படுத்துடும். உன் கடன் தவணையும் ஏறும். நீ குமாருக்குக் கூலி ஏத்து... உனக்கு நீயே ஆப்பு வச்சிக்கோ!"

சும்மா கலாய்த்தேன். அவன் நம்பிவிட்டான்.

கற்பூரம் அணைந்தது. குமார் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காத்து நின்றான்.

"இந்த வருசம் கூலி ஏத்த முடியாது குமாரு. ஏத்துனா வட்டி ஏறிடும்."

"யாருக்குண்ணே?"

"நாட்டுக்கு."

குமார் பொரியை நிதானமாக மென்றான். "காலாப்பட்டுல பெரிய கட்டடம் கட்றாங்க, கூப்புடறாங்க. அங்க கூட வாங்குனா நாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்லண்ணே?"

மறுநாள் ஆள் வரவில்லை.

உப்பளத்தில் ஒரு புதுமனைப் புகுவிழா. கேட் போட்டாக வேண்டும். அருளே முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சும்மா சொல்லக்கூடாது, பலமான வேலை. கேட்டையும் இரும்புத் தூணையும் சேர்த்தே ஒட்டிவிட்டான்! வீட்டுக்காரர் உள்ளே. விழாவுக்கு வாழைமரம் கட்ட வந்தவர்கள் வெளியே.

"இன்னாய்யா இது, கேட்டா செவுரா?" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

அப்புறமென்ன? நானும் அருளும் பைக்கில் காலாப்பட்டுக்குப் பறந்தோம். சாரத்தின் மேலிருந்த குமாரைக் கீழே நின்று கெஞ்சினோம். அந்தச் செய்தியைப் பார்ப்பதற்கு முன் பூஜைக்கு ஏற்றிக் கொடுக்க நினைத்திருந்ததைவிட அதிகமாகவே சொல்லித்தான் இறக்க முடிந்தது.

நம் சம்பளம் ஏறினால் அது உழைப்புக்கு மரியாதை. அடுத்தவன் சம்பளம் ஏறினால் மட்டும் விலைவாசிக்குக் காரணம். டிவியில் கோட் போட்டுப் பேசுகிறவர்கூட, தன் சம்பளம் ஏறியதால் சந்தை விழுந்தது என்று சொன்னதாக நினைவில்லை.

அருள் பைக்கைக் கிளப்பினான். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"போச்சு மாப்ள. நீ ஏத்துன கூலிக்கு, நாளைக்கு வட்டி ஏறப்போவுது பாரு!"

"அது ஏறட்டும், மொதல்ல நீ எறங்கி பஸ்ஸுல வா, குமாரு ஒக்காரணும்."